குறுக்கே பேசத் தெரியாத சைமன்

ராயபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அமீருதீன் வாயைத் திறந்தால் மூடமாட்டான். உண்மைதான், நான் என்னத்துக்கு மறுக்கப்போகிறேன்? எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நாலு கம்ப்யூட்டர், பிளைவுட் பலகையால் தடுத்த நாலு கூண்டு, ஒரு பிரிண்டர். மெயில் பார்க்க வந்தவனும் சரி, ரயில்வே பரீட்சை முடிவு பார்க்க வந்தவனும் சரி, என் பேச்சையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நான் பேசும்போது யாராவது குறுக்கே புகுந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கூடப் படித்தவன் ஒருவனோடு இந்த ஒரே காரணத்துக்காகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிற்று.

சைமனோடு மட்டும் எனக்குச் சண்டையே வந்ததில்லை. சைமன் குறுக்கே பேசமாட்டான். நான் அரைமணி நேரம் அளந்தாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் நிறுத்திய பிறகும், நிஜமாகவே நிறுத்திவிட்டேனா என்று தெரிந்துகொள்ள ஒரு மூச்சு விடும் நேரம் பொறுப்பான். அப்புறம்தான் அவன் வாய் திறக்கும். அது என் மேல் உள்ள மரியாதை என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது அவன் வேலையால் வந்த பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் படகுகளை டக் என்பார்கள். அந்த டக்குகள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் முன்னால் உட்காருவதுதான் சைமனின் வேலை. வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் இரண்டு பேச்சும் கெட்டு இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ஒருத்தர் முடித்து ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கவேண்டும். சொன்னதை அந்தப் பக்கத்து ஆள் அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் நீ சொல்லவே இல்லை என்று அர்த்தம்.

“சொன்னது கணக்கு இல்ல அமீரு,” என்று ஒருநாள் எனக்கு விளக்கினான். “நான் நூறு வாட்டி கத்தலாம். அங்க போய்ச் சேந்தது எதுவோ, அதான் கணக்கு.”

“இன்னா மாமு, இதையெல்லாம் வூட்டாண்ட டெபோராகிட்டயும் இப்படித்தான் பேசுவியா?” என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். நான் கேட்டது கிண்டலே இல்லை என்று காலம் காட்டிவிட்டது.

டெபோரா அவன் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். குழந்தை இல்லை. இருவரும் மாதா கோயில் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். அந்த நாட்களில் அயர்லாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. டெபோராவுக்கும் கடிதம் வந்தது, மூன்று வருட கான்ட்ராக்ட். காகிதங்களை என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தார்கள். பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு டெபோரா பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அங்கே குளிர் எப்படி இருக்கும், அப்பாவையும் அம்மாவையும் யார் பார்த்துக்கொள்வது, இவனுக்குச் சமைக்க வராதே என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். சைமன் வழக்கம்போல முழுதும் கேட்டான். அவள் முடித்தாள். அவன் ஒரு மூச்சு பொறுத்தான்.

“சரி,” என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரிண்டரைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். டெபோரா காகிதங்களை அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து “வரேன் பாய்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அது இரண்டாயிரத்து ஒன்று, செப்டம்பர். கான்ட்ராக்ட் முடிந்து அவள் திரும்பி வருவாளா, அங்கேயே நீட்டித்துக்கொள்வாளா என்ற ஒரே கேள்விதான் அதற்கப்புறம் சைமனின் வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். என் கடைப் போனுக்குத்தான் வரும், அவன் போர்ஷனில் போன் கிடையாது. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, மழையா? பிறகு இரண்டு பக்கமும் மௌனம். அவள் தொடர்வாள் என்று இவன் காத்திருப்பான். இவன் ஏதாவது கேட்பான் என்று அவள் காத்திருப்பாள். கடைசியில் அவள்தான் “இருக்கீங்களா?” என்பாள். “இருக்கேன்” என்பான். லைன் கட்டாகிவிட்டது என்று அவளே போனை வைத்துவிட்ட நாட்களும் உண்டு.

அப்படி ஒரு நாளில்தான் அவனுக்கு இந்த யோசனை வந்தது. “மூஞ்சி தெரிஞ்சா நல்லாருக்கும் அமீரு. நான் சும்மா இருந்தாலும், கேட்டுகினு இருக்கேன்னு அவளுக்குத் தெரியும் இல்ல?”

வீடியோவில் பேசும் மென்பொருள் அப்போதே கடையில் இருந்தது. என் நாலு கம்ப்யூட்டரிலும் இருந்தது ஒரு கம்பெனியுடையது. டெபோரா தங்கியிருந்த ஊரின் நூலகத்தில் வேறு கம்பெனியுடையது. அதற்கு இது பேசாது, இதற்கு அது பேசாது. அங்கே நூலகக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றை ஏற்ற விடமாட்டார்கள், அவர்களுடையதை இங்கே ஏற்ற அந்தக் கம்பெனி கேட்கிற காசு எனக்குக் கட்டாது. சைமனுக்கு இது புரியவே இல்லை. “கடல்ல பதினாறாம் சேனல்னு ஒண்ணு கீது. ஜப்பான்காரன் செட்டுல கூப்ட்டாலும் ரஷ்யாக்காரன் செட்டுல கேக்கும். அந்தச் சேனல் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம்? யாருக்கும் இல்ல. விதி மட்டும்தான் கீது, அத எல்லாரும் கேட்டு நடக்கறாங்க. இதுக்கும் அப்படி ஒண்ணு இருக்காதா?”

இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் எந்தக் கம்ப்யூட்டரையும் கூப்பிட, எடுக்க, படமும் குரலும் அனுப்ப உலகத்துக்கே பொதுவான விதிகளை யாரோ உட்கார்ந்து எழுதிவைத்திருந்தார்கள். சைமன் அவற்றை என் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு போய்ப் படித்தான். டிப்ளமாவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். புரோகிராம் எழுதுவதை மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டான். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கடைக்கு வருவான். கடைசிக் கூண்டில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கமாட்டான். அந்த விதிகளின்படி நடக்கிற, இரண்டு பேர் மட்டும் இல்லாமல் பல பேர் ஒரே நேரத்தில் கூடிப் பேசுகிற ஒரு அமைப்பை அவன் வரைந்தான், எழுதினான். எழுதியதையெல்லாம் அப்படியே இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். பூட்டி வைத்தால் பதினாறுக்குப் பக்கத்தில் யாருக்கும் கேட்காத ஒரு பதினேழாம் சேனல் ஆகிவிடும் என்பது அவன் வாதம். பின்லாந்திலிருந்து ஒருவன், பிரேசிலிலிருந்து ஒரு வாத்தியார் என்று கண் காணாத ஆட்கள் தப்பு கண்டுபிடித்து மெயில் போட்டார்கள். ராயபுரத்தில் அதைப் பற்றி அவன் பேச என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. எனக்கோ பாதி புரியாது.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. பல பேர் கூடிப் பேசும் ஒன்றை அவன் ஒண்டியாளாகத்தான் சோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது. மூன்று கூண்டில் மூன்று கேமராவை மாட்டுவான். திரையில் மூன்று கட்டம் வரும். முதல் கட்டத்தில் சைமன், மற்ற இரண்டிலும் காலி நாற்காலி. ஏதாவது பேசினால்தானே குரல் வருகிறதா என்று பார்க்கமுடியும்? என்ன பேசுவது என்று தெரியாமல் ஜெபமாலை சொல்வான். ஜெபமாலையில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள் அல்லவா? ஒரு கூண்டில் உட்கார்ந்து ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்வான். எழுந்து பக்கத்துக் கூண்டுக்குப் போய் உட்கார்ந்து மறுபாதியைச் சொல்வான். திரும்பி வந்து முதல் பாதி. வாடிக்கையாளர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. சில நாள் அந்தப் பக்கம் போகாமல் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

இரண்டாயிரத்து மூன்று கிறிஸ்மஸுக்கு முதல் கூட்டம் வைத்தான். டெபோரா, தன்னோடு வேலை பார்க்கும் ஒரு மலையாளி நர்ஸின் கம்ப்யூட்டரில் இருந்தாள். முதல் கூண்டில் டெபோராவின் அப்பா வேதமாணிக்கம், அம்மா சிலுவையம்மாள். கடைசிக் கூண்டில் சைமன். பின்னால் நான், சும்மா.

விதி என்னவென்றால், பேச விரும்புகிறவர் ஸ்பேஸ் பாரை அழுத்தவேண்டும். அப்போது மற்ற எல்லோர் குரலும் அடைபடும். முடித்ததும் கையை எடுக்கவேண்டும், அடுத்தவருக்கு வழி கிடைக்கும். வயர்லெஸ்காரன் வேறு எப்படி யோசிப்பான்? அவனுக்கு அது சுத்தமாக, அழகாகப் பட்டிருக்கிறது. ஆனால் வேதமாணிக்கம் ஆயுசு முழுக்க துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கையை எடுத்தால் சரக்கு யார் தலையிலாவது விழும் என்ற பயத்திலேயே வாழ்ந்த மனுஷர். ஸ்பேஸ் பாரை அழுத்தினார், விடவே இல்லை.

“இன்னா கண்ணு, துன்னியா? இளைச்சுப் பூட்டியே. அங்க மீன் கெடைக்குதா? நம்ம காசிமேடு வஞ்சிரம் மாதிரி வருமா அது? இங்க தண்ணி இல்ல கண்ணு, லாரி வந்தாதான் தண்ணி...”

திரையில் டெபோராவின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. சிலுவையம்மாள் புருஷனின் தோளைக் குலுக்கினாள், “கைய எடுய்யா, எம் பொண்ணு இன்னாவோ சொல்லுது” என்றாள். அதுவும் இவர் மைக் வழியாகத்தான் போயிற்று. “எடுத்தா கட்டாயிடும்டீ” என்றார் அவர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டெபோராவும் முதலில் சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் வாய் அசைப்பதை நிறுத்திவிட்டாள். அப்பா பேசித் தீர்க்கட்டும் என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர்கள் கிளம்பிப் போனபிறகு சைமன் மட்டும் திரையின் முன்னால் இருந்தான். டெபோரா பொத்தானை அழுத்தினாள்.

“ஏங்க, வூட்டையும் கன்ட்ரோல் ரூம் ஆக்கிட்டீங்களா? ஒருத்தர் முடிச்சாதான் ஒருத்தர் பேசணுமா? அன்னிக்கு பாய் கடைல பிரிண்டர் பக்கத்துல நின்னுகினு எவ்ளோ நேரம் பேசினேன், ஞாபகம் கீதா? நிறுத்தாம இழுத்துகினே இருந்தேன். நடுவுல ஒரு வாட்டி ‘போதும், போவாத’ன்னு சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். சொல்லிருந்தா அங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன். நீங்க முழுசா கேட்டுட்டு சரின்னீங்க.”

அவள் கையை எடுத்துவிட்டாள். இப்போது இவன் முறை. அவன் விரல் ஸ்பேஸ் பார் மேல் இருந்தது, அழுத்தவில்லை. நான் வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது திரை காலியாக இருந்தது, அவன் தலையைக் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே பழையதைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான். பொத்தான் கிடையாது. முறை கிடையாது. எல்லோர் முகமும் எல்லா நேரமும் தெரியவேண்டும், எல்லோர் குரலும் ஒன்றாகக் கலந்து கேட்கவேண்டும். ஒரு வீட்டில் பேசுகிறமாதிரி. இது எழுத ரொம்பக் கஷ்டமாம். அயர்லாந்திலிருந்து குரல் ஒரே ஓட்டமாக வராது, துண்டு துண்டாக, கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்து விழும். வந்தது வந்தபடி கொடுத்தால் வார்த்தை உடையும், ‘வரேன்’ என்றது ‘வ... ன்’ என்று கேட்கும்.

அந்த வருடம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். சந்து முனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி வைத்திருந்தார்கள். லாரி எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. வந்தால் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், அதன் பிறகு குழாயைத் திறந்தால் தண்ணீர் சீராக வரும். சைமன் அதைப் பார்த்துத்தான் எனக்கு விளக்கினான். குரலையும் அப்படி ஒரு தொட்டியில் கொஞ்சம் தேக்கி வைத்து, பிறகு திறந்துவிட்டால் வார்த்தை உடையாமல் வருமாம். தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுத்தமாகக் கேட்கும். ஒரே குறை, தேங்குகிற நேரம் தாமதமாகும். அவன் வைத்தது பெரிய தொட்டி. பேசியது ஒன்றரை நொடி கழித்துத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

பின்லாந்துக்காரன் மெயிலில் இதற்காகவே சண்டை போட்டான். தொட்டியைச் சின்னதாக்கு, வார்த்தை கொஞ்சம் உடைந்தாலும் மனுஷன் புரிந்துகொள்வான், தாமதம்தான் ஆகாது என்று திரும்பத் திரும்ப எழுதினான். சைமன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “ஒரு வார்த்த உடைஞ்சு டக் கப்பல் மேல மோதிப் பாத்திருக்கானா அவன்? ‘தள்ளாத’ன்னா ‘தள்ளு’ன்னு கேட்டா இன்னா ஆவும்? வார்த்த முழுசா போவணும் அமீரு. லேட்டானா இன்னா?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லேட்டானால் என்ன?

கோடை போயிற்று. அந்த எட்டு மாதம் அவன் யாரோடும் அதிகம் பேசி நான் பார்க்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வெளியே வருவான், யாராவது “டெபோரா எப்ப வர்றா?” என்று கேட்டுவிடுவார்களோ என்று பக்கவாட்டு வாசல் வழியாக நடந்து என் கடைக்கு வந்துவிடுவான். வருகிற வழியில் வாங்கிய இட்லியை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவான். மூன்று கூண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து ஜெபமாலை சொல்வான். இப்போது பொத்தான் இல்லாததால் ஒரு கூண்டில் சொன்னது இன்னொரு கூண்டில் தாமதமாக வந்து சேரும். எழுந்து போய் அங்கே உட்காரும்போது அவனுடைய குரலே அவனுக்கு முன்னால் வந்து பேசிக்கொண்டிருக்கும். அதைத் தலை சாய்த்துக் கேட்டு, முடிந்ததும் பதில் சொல்வான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் மறுபாதியை நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். “நீ பாய், உனக்கு எதுக்குடா” என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. டெபோராவின் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. மத்தியானம் எல்லோரும் கூடினோம். அங்கே அப்போது காலை. வேதமாணிக்கம், சிலுவையம்மாள், சைமன் என்று மூன்று கூண்டில் மூன்று பேர். இந்த முறை நாலாவது கூண்டில் எனக்கும் ஒரு கட்டம். திரையில் எங்கள் நாலு முகத்தோடு ஐந்தாவதாக டெபோரா, தலையில் கம்பளித் தொப்பியோடு.

அப்பப்பா, என்ன சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். வேதமாணிக்கம் மீனைப் பற்றி, சிலுவையம்மாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி, நான் எல்லாவற்றையும் பற்றி. நான் பேசினால் டெபோராவும் பேசுவாள், இரண்டும் முட்டிக்கொள்ளும். இருவரும் நிறுத்துவோம், இருவரும் மறுபடி ஒன்றாக ஆரம்பிப்போம். “பாய் வாய்க்கு இன்னும் பூட்டு போடலயா?” என்றாள். பழி என் மேல் விழுந்தது. லைன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிலுவையம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது, மகளோடு சேர்ந்து ஜெபமாலை மணியில் ஒரு பத்தை உருட்டிச் சொல்லவேண்டும் என்று. சொன்னார்கள். அம்மா முதல் பாதியைச் சொல்ல, நாங்கள் இருந்த பக்கம் மறுபாதி முடிந்து ஓய்ந்த பிறகும் டெபோராவின் குரல் தனியாக வந்துகொண்டிருக்கும். “அங்க ரொம்ப நிதானமா ஜெபிக்கறாங்க” என்றாள் சிலுவையம்மாள் திருப்தியாக. டெபோரா அங்கிருந்து, “நீங்கதாம்மா இழுக்கறீங்க” என்றாள். நான் சைமனைப் பார்த்தேன். அவன் சந்தோஷமாக இருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரியவர்கள் போனார்கள். நான் என் கூண்டிலிருந்து எழுந்து சைமன் பின்னால் வந்து நின்றேன். போயிருக்கவேண்டும், போகவில்லை. டெபோரா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் மூணு வருஷத்துக்கு கையெழுத்து கேக்கறாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், போட்டுடலாம்னு...”

“வேணாம் டெபோரா, போடாத. வந்துடு.”

சைமன் கத்தினான். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான், முழங்கால் இடித்து மேஜை ஆடியது. அவள் வாக்கியம் முடியவில்லை, நடுவில்தான் இருந்தாள். எட்டு மாதமாக இதற்காகத்தானே உட்கார்ந்து எழுதினான்? எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது.

திரையில் டெபோரா பேசிக்கொண்டே போனாள்.

“...தோணுது. அங்க வந்து இன்னா பண்ணப்போறேன்? நீங்களே சொல்லுங்க.”

நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவள் பேச்சு இங்கே வர ஒன்றரை நொடி, இவன் கத்தல் அங்கே போக ஒன்றரை நொடி; அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு முந்திய சைமனை. நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து, முழுதும் கேட்டுக்கொண்டிருந்த சைமனை. பிறகுதான் இவன் எழுந்ததும் கத்தியதும் அங்கே போய்ச் சேர்ந்தன. சேர்ந்த நேரம் எனக்குத் தெரிந்தது, அவள் புருவம் லேசாக உயர்ந்தது. வார்த்தை உடையாமல்தான் போயிருக்கும். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டிருக்கும்.

டெபோரா கோபப்படவில்லை. சிரித்தாள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சொல்லுங்கன்னு கேட்டதும் சொல்றீங்க. மாறவே இல்ல நீங்க, நான் முடிக்கற வரைக்கும் காத்துகினு இருந்தீங்க. கேக்காமயே சொல்லுவீங்களான்னு பாத்தேன். எனக்குத்தான் புத்தி இல்ல.”

“எம்மா, இல்லம்மா, அவன்...” என்று நான் பாய்ந்தேன். சைமன் கையை நீட்டி மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் இன்னும் ஏதோ சொன்னாள், அப்பாவின் கண் ஆபரேஷன் பற்றி. அவன் நின்றபடியே கேட்டான். அவள் முடித்தாள். மைக்கை மறுபடி சொருகினான்.

“சரிம்மா. ஒடம்ப பாத்துக்கோ,” என்றான்.

திரை அணைந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத் திட்டியதுபோல் நான் யாரையும் திட்டியதில்லை. “சொல்றதுக்கு இன்னாடா உனுக்கு? ஒரு வார்த்த. லைன் லேட்டு, நான் நடுவுலயே கத்திட்டேன்னு ஒரு வார்த்த. வாய்ல இன்னா வெச்சிருக்க?”

நான் முழுக்கத் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தான்.

“லைன் மேல பழி போடச் சொல்றியா அமீரு? லைன கட்டினது நானு. அந்தத் தொட்டிய வெச்சது நானு. நான் எப்ப கத்தினேன்றது கணக்கு இல்ல. அவளுக்குப் போய்ச் சேந்ததுதான் கணக்கு.”

டெபோரா கையெழுத்துப் போட்டுவிட்டாள். கோயில் பதிவேட்டில் அவர்கள் இன்றைக்கும் கணவன் மனைவிதான். நான் சும்மா இருந்தேனா என்று கேட்பீர்கள். இருக்கவில்லை, டெபோராவுக்கு மெயில் எழுதினேன். தொட்டி, ஒன்றரை நொடி, மேஜை ஆடியது, எல்லாம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. “தெரியும் பாய், ஜெபமாலையை யோசித்துப் பார்த்தபோது எனக்கே புரிந்தது. ஆனால் அதை நீங்கள் சொல்கிறீர்கள், அவர் சொல்லவில்லையே.”

சைமன் தன் அமைப்பைக் கைவிடவில்லை. அடுத்த மாதம் ஒரு திருத்தம் வெளியிட்டான். தொட்டியைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கிவிட்டான். கூடவே ஒரு குறிப்பும் எழுதினான், எனக்கு அதைப் படித்துக் காட்டினான். வார்த்தை உடைந்தாலும் பரவாயில்லை, உடனே போய்ச் சேரட்டும் என்று அர்த்தம். பின்லாந்துக்காரன் ஒரு வழியாகப் புத்தி வந்ததே என்று பாராட்டினான். பிரேசில் வாத்தியாரின் பல்கலைக்கழகத்தில் வகுப்பே அதில்தான் நடத்தினார்களாம். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் அதில் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இன்னும் கடைக்கு வருவான். புதிதாக எழுதியதைச் சோதிக்க இப்போது ஜெபமாலை கிடையாது. என்னை முதல் கூண்டில் உட்காரச் சொல்லிவிட்டு அவன் கடைசிக் கூண்டுக்குப் போவான். “பேசு அமீரு, ஏதாவது பேசு” என்பான். நான் ஆரம்பிப்பேன், லாரி வராததில் ஆரம்பித்து மாநகராட்சி வரைக்கும் போவேன். நடுவில் குறுக்கே பேசுவான். “வேணாம்” என்பான். “நிறுத்து” என்பான். “போவாத” என்பான். ஸ்பீக்கரில் பாதி வார்த்தை உடைந்துதான் வரும், ஆனால் அந்த நொடியே வந்துவிடும். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க பலகைக்கு மேலே எட்டி என் முகத்தைப் பார்ப்பான்.

சேர்ந்தது என்று தலையாட்டுவேன். குறுக்கே பேசினால் எனக்கு ஆகாது என்று ஊருக்கே தெரியும். அவனை நான் ஒன்றும் சொல்வதில்லை.